ஒரு சொல் கற்போம்: ஆம்பிவலன்ஸ்



ஆண்டு மலரின் இந்தப் பக்கத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பிறப்பையும் பொருளையும் பயன்படுத்தும் முறையையும் ஆராய்வது வழக்கம். இம்முறை நான் எடுத்துக்கொண்ட சொல் 'ஆம்பிவலன்ஸ்'. இதை முதன்முதலாக வகுப்பில் சொன்னபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "யாருக்கு டீச்சர் உடம்பு சரியில்லை?" என்று கேட்டாள். அவள் காதில் விழுந்தது 'ஆம்புலன்ஸ்'. இரண்டும் வேறு வேறு சொற்கள். 'ஆம்புலன்ஸ்' என்பது நடத்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. படைகளின் பின்னே சென்ற நடமாடும் மருத்துவமனையைப் பிரெஞ்சுக்காரர்கள் அப்படி அழைத்தார்கள். நம் சொல்லின் கதை வேறு. அதைச் சொல்லுமுன் இதை நான் கற்க நேர்ந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். அதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது.

சிவப்பு மையால் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில், 'எங்கள் வீட்டுத் திருமணம்' என்னும் தலைப்பில் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னேன். பெரும்பாலான நோட்டுகளில் பந்தலும் மேளமும் பாயசமும் இருந்தன. ஒரு நோட்டில் மட்டும் வேறு விதமான இரண்டு வாக்கியங்கள் இருந்தன. 'ஐ வாஸ் வெரி ஹேப்பி. ஐ வாஸ் வெரி சேட்.' அவளுடைய அக்காளின் திருமணத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். நான் இரண்டு வாக்கியங்களின் கீழும் சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் 'முரண்பாடு' என்று எழுதி, இரண்டு மதிப்பெண்களைக் குறைத்துவிட்டேன்.

மதிய இடைவேளையில் அவள் நோட்டுடன் ஆசிரியைகள் அறைக்கு வந்தாள்.

"டீச்சர், இதில எது தப்புன்னு சொல்லுங்க. அதை அடிச்சுட்டு எழுதிடுறேன்."

"ஏதாவது ஒன்றை வைத்துக்கொள். சந்தோஷம் என்றால் சந்தோஷம். வருத்தம் என்றால் வருத்தம். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் இருக்கும்?" என்றேன்.

அவள் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "அக்கா போனதும் ஜன்னலோரத்து மேஜை எனக்குக் கிடைச்சுது டீச்சர். ரொம்ப நாளா ஆசைப்பட்ட மேஜை. அதுல உட்கார்ந்து டிராயரைத் திறந்தேன். அக்காவோட சீப்பு இருந்துச்சு. தினமும் அவதான் எனக்குப் பின்னி விடுவா. மேஜை கிடைச்ச சந்தோஷம் போகவே இல்லை. அழுகையும் நிக்கலை. ரெண்டுமே நெசம் டீச்சர். எதை அடிக்கிறது?"

எனக்கு விடை தெரியவில்லை. "அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டு நூல்நிலையத்துக்குச் சென்றேன். அங்கே பொறுப்பில் இருந்த வயது முதிர்ந்த சிஸ்டரிடம் நடந்ததைக் கூறினேன். அவர் சிரித்துக்கொண்டே பெரிய அகராதியை எடுத்துத் திறந்து, ஒரு சொல்லின்மீது விரலை வைத்தார். "டீச்சர், அந்தப் பிள்ளை கேட்டதற்கு இங்கே பெயர் இருக்கிறது" என்றார். அந்தச் சொல்தான் ஆம்பிவலன்ஸ்.

எழுத்தும் ஒலியும்

முதலில் எழுத்துகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: ஏ, எம், பி, ஐ, வி, ஏ, எல், இ, என், சி, இ. மொத்தம் 11 எழுத்துகள். இது பெயர்ச்சொல். இறுதியிலுள்ள சி, இ என்னும் இரண்டு எழுத்துகளை நீக்கிவிட்டு 'டி' என்னும் எழுத்தைச் சேர்த்தால் 'ஆம்பிவலன்ட்' என்னும் பெயரடை கிடைக்கும். ஒலிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசையில், அதாவது 'பி' என்னும் இடத்தில், விழ வேண்டும். நம்மில் பலர் முதல் அசையை அழுத்திச் சொல்லி, அதை மீண்டும் ஆம்புலன்ஸ் ஆக்கிவிடுகிறோம்!

சொல் பிறந்த கதை

பார்ப்பதற்குப் பழஞ்சொல்போல இருந்தாலும், இது பிறந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். சுவிட்சர்லாந்து நாட்டில் ஜூரிச் நகரில் புர்க்ஹோல்ஸ்லி என்னும் மனநல மருத்துவமனை உள்ளது. 1898 முதல் 1927 வரை அதன் தலைவராக இருந்தவர் ஆய்கன் பிளாய்லர் என்னும் மருத்துவர். நோயாளிகளின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டு, அவர்கள் மன நிலைகளுக்கு ஏற்ற பெயர்களைத் தேடியவர் அவர். இன்று மனச்சிதைவு என்று நாம் சொல்லும் நோய்க்கு 'ஸ்கீசோஃபிரீனியா' என்று பெயரிட்டவரும், 'ஆட்டிசம்' என்னும் சொல்லை உருவாக்கியவரும் அவரே.

ஒரே பொருளின்மீது ஒரே சமயத்தில் விருப்பும் வெறுப்பும் கொள்ளும் நோயாளிகளை அவர் கண்டார். அந்த நிலையைக் குறிக்க ஜெர்மன் மொழியில் ஒரு சொல் அமைத்து, 1910-ஆம் ஆண்டு வெளியிட்டார். அதில் மூன்று வகைகளையும் பிரித்துக் காட்டினார். ஒன்றை நேசித்துக்கொண்டே வெறுப்பது உணர்ச்சியைச் சார்ந்தது. உண்ண வேண்டும், உண்ணக் கூடாது என்று ஒரே வேளையில் நினைப்பது விருப்பாற்றலைச் சார்ந்தது. ஒன்றை ஆம் என்றும் இல்லை என்றும் ஒருங்கே எண்ணுவது அறிவைச் சார்ந்தது.

வியன்னா நகரின் சிக்மண்ட் ஃபிராய்ட் இச்சொல்லை மிகவும் விரும்பி ஏற்றுக்கொண்டார். 1913-ஆம் ஆண்டு வெளியான 'டோட்டமும் டாபூவும்' என்னும் நூலில் இதற்குப் பெரிய இடம் கொடுத்தார். நாம் மிகவும் நேசிப்பவர்கள்மீதே நமக்குச் சினமும் மறைந்திருப்பது உண்டு என்பது அவர் கருத்து. அந்த ஆண்டுகளிலேயே சொல் ஆங்கிலத்திலும் நுழைந்தது. பிறகு மருத்துவமனையை விட்டு வெளியே வந்து, கதை, கட்டுரை, செய்தித்தாள் எங்கும் பரவியது. ஆகவே ஒன்றை நன்கு நினைவில் வையுங்கள். இன்று வழக்கில் உள்ள ஆம்பிவலன்ஸ் நோயின் பெயர் அன்று. நலமுள்ள மனிதரின் மன நிலையையே அது குறிக்கிறது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்

பிளாய்லர் லத்தீன் மொழியின் இரண்டு பகுதிகளை இணைத்தார். 'ஆம்பி' என்றால் 'இரு பக்கமும்'. இரு கைகளாலும் ஒன்றுபோல் வேலை செய்பவரை 'ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்' என்கிறோம். நீரிலும் நிலத்திலும் வாழும் தவளை 'ஆம்ஃபிபியன்' என்பதும் நீங்கள் அறிந்ததே; அது கிரேக்க மொழியிலிருந்து வந்த உறவுச் சொல்.

பின்பகுதி 'வலேரே' என்னும் வினையிலிருந்து வருவது. அதற்குப் பொருள் 'வலிமையோடு இருத்தல்'. 'வேல்யூ', 'வேலிட்', 'ஈக்விவலன்ட்' ஆகியவை இதன் பிள்ளைகள். வேதியியல் வகுப்பில் நீங்கள் படிக்கும் 'வேலன்சி', அதாவது இணைதிறன், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஆகவே ஆம்பிவலன்ஸ் என்பதன் நேர்ப்பொருள் 'இரு பக்கமும் வலிமை'. இந்த வலிமை என்னும் கருத்தை விட்டுவிட்டால் சொல்லின் உயிர் போய்விடும். நாம் தமிழில் 'அரை மனது' என்று சொல்வது இதுவன்று. அரை மனதோடு ஒரு வேலையைச் செய்பவளிடம் இருப்பது ஒரே விருப்பம், அதுவும் பாதியளவு. ஆம்பிவலன்ஸ் உடையவளிடம் இருப்பவை இரண்டு முழு மனங்கள்.

பொருத்தமா என்று சோதிக்க மூன்று கேள்விகள்

இச்சொல்லைப் பயன்படுத்துமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பொருள் ஒன்றுதானா? மாம்பழம் பிடிக்கும், பாகற்காய் பிடிக்காது என்றால் அது ஆம்பிவலன்ஸ் ஆகாது. அங்கே பொருள் இரண்டு.

2. உணர்ச்சிகள் எதிரெதிரானவையா? பரிசு பெற்ற நாளில் மகிழ்ச்சியும் பெருமையும் வந்தால், அவை ஒரே திசையில் செல்பவை. அங்கும் இச்சொல் பொருந்தாது.

3. இரண்டும் ஒரே காலத்தில் உள்ளனவா? திங்கட்கிழமை சிரிப்பும் செவ்வாய்க்கிழமை கோபமும் மனநிலை மாற்றம் மட்டுமே.

அக்காளின் திருமணத்தைப் பற்றி எழுதிய மாணவியிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பொருள் ஒன்று: அக்காள் வீட்டை விட்டுப் போனது. உணர்ச்சிகள் எதிரெதிர். காலம் ஒன்றே. மூன்றுக்கும் 'ஆம்' என்றே விடை வருகிறது.

அண்டை வீட்டுச் சொற்கள்

ஒரு சொல்லை நன்கு அறிய, அதன் பக்கத்தில் குடியிருக்கும் சொற்களையும் அறிய வேண்டும்.

இன்டிஃபரன்ட்: இதற்குப் பொருள் 'எனக்கென்ன வந்தது' என்று இருத்தல். பலர் இதையும் ஆம்பிவலன்ட் என்பதையும் குழப்பிக்கொள்கிறார்கள். காய்கறிக் கடைத் தராசை நினைத்துப் பாருங்கள். இரண்டு தட்டுகளிலும் ஒன்றுமில்லை என்றால் முள் நடுவில் நிற்கும். இரண்டு தட்டுகளிலும் ஐந்தைந்து கிலோ வைத்தாலும் முள் நடுவில்தான் நிற்கும். முள்ளை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. தராசைக் கையில் பிடித்திருப்பவருக்கே பாரம் தெரியும். வெறும் தட்டு இன்டிஃபரன்ட். பாரமேறிய தட்டு ஆம்பிவலன்ட். பேசாமல் இருக்கும் ஒரு தோழியைப் பார்த்து, "அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை" என்று முடிவு கட்டுமுன் இந்தத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பிகுவஸ்: இது இரு பொருள்படும் சொல்லையோ வாக்கியத்தையோ குறிக்கும். துணி எப்போது கிடைக்கும் என்று தையற்காரரிடம் கேட்டால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார். நாளை தருவாரா, நாளைக்கும் இழுப்பாரா? அந்தப் பதில் ஆம்பிகுவஸ். பேச்சு ஆம்பிகுவஸ் ஆக இருக்கும். மனம் ஆம்பிவலன்ட் ஆக இருக்கும்.

முடிவெடுக்க இயலாமை: 'மதில்மேல் பூனை' என்று நாம் சொல்வது இதைத்தான். ஆம்பிவலன்ஸ் சில வேளைகளில் இதற்குக் காரணமாகலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உறுதியாக முடிவெடுத்த பின்னும் இரு மனம் இருக்கக்கூடும். செவிலியர் படிப்புக்காக வெளியூர் செல்ல முடிவு செய்து, பெட்டியைக் கட்டி, ரயிலேறி விட்ட பெண்ணுக்கு முடிவில் ஐயமில்லை. ரயில் நகரும்போது அவள் கண் கலங்குவதும் உண்மை.

தர்மசங்கடம்: 'இருதலைக் கொள்ளி எறும்பு' என்னும் உவமை, எந்தப் பக்கம் போனாலும் ஆபத்து என்னும் நிலையைக் காட்டுவது. ஆங்கிலத்தில் அது 'டைலெமா'. அதில் இருப்பது வழியின் சிக்கல். ஆம்பிவலன்ஸில் இருப்பது உணர்ச்சியின் இரட்டை.

பாசாங்கு: உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நடிப்பது இது. இங்கே ஓர் உணர்ச்சிதான் உண்மை, மற்றது வேடம். ஆம்பிவலன்ஸில் வேடம் இல்லை. இரண்டும் உள்ளேயே இருக்கின்றன.

பிட்டர்ஸ்வீட்: கசப்பும் இனிப்பும் கலந்தது. சித்திரைப் பிறப்பன்று பல வீடுகளில் வைக்கும் வேப்பம்பூப் பச்சடியை நினைத்துக்கொண்டால் போதும். இச்சொல் பெரும்பாலும் நினைவுக்கும் நிகழ்ச்சிக்கும் அடைமொழியாக வரும். பழைய புகைப்படம் பிட்டர்ஸ்வீட். அதைப் பார்க்கும் நீங்கள் பிட்டர்ஸ்வீட் அல்லர்.

மிக்ஸ்ட் ஃபீலிங்ஸ்: இது எளிய பேச்சு வழக்கு. கடிதத்திலும் உரையாடலிலும் தாராளமாக எழுதலாம். கட்டுரையில் துல்லியம் வேண்டும்போது ஆம்பிவலன்ஸ் என்று எழுதுங்கள்.

வாக்கியத்தில் பயன்படுத்தும் முறை

ஒரு செய்தியையோ நிகழ்ச்சியையோ பற்றிச் சொல்லும்போது, ஆம்பிவலன்ட் என்பதற்குப் பின் 'அபௌட்' வரும். 'ஷீ வாஸ் ஆம்பிவலன்ட் அபௌட் லீவிங் ஹோம்.' ஒரு மனிதரையோ கொள்கையையோ நோக்கிய உணர்ச்சியைச் சொல்லும்போது 'டுவர்ட்ஸ்' வருவதும் உண்டு. 'ஹிஸ் ஆம்பிவலன்ஸ் டுவர்ட்ஸ் ஹிஸ் ஃபாதர்' என்பது போல. வாக்கியத்தின் எழுவாய் பெரும்பாலும் மனிதராகவோ, அவருடைய மனம், பார்வை, உணர்ச்சி என்பனவாகவோ இருக்கும். 'தி ஆன்சர் வாஸ் ஆம்பிவலன்ட்' என்று எழுதுமுன் ஒரு முறை யோசியுங்கள். நீங்கள் கருதுவது 'ஆம்பிகுவஸ்' ஆக இருக்கலாம்.

இன்னொரு சிறு இலக்கணக் குறிப்பு. எனினும் பெரிதும் பயன்படக்கூடியது. இரண்டு உணர்ச்சிகளை இணைக்கும்போது நாம் வழக்கமாக 'பட்', அதாவது 'ஆனால்', என்னும் சொல்லைப் போட்டுவிடுகிறோம். 'மகிழ்ச்சியாக இருந்தேன், ஆனால் வருத்தமாக இருந்தேன்' என்று எழுதினால், பின்னது முன்னதைத் தள்ளிவிட்டு முன்னே வந்து நிற்கிறது. 'அண்ட்' போட்டுப் பாருங்கள். இரண்டும் அருகருகே அமர்கின்றன. தமிழில் இதற்கு எண்ணும்மை இருக்கிறதே! 'மகிழ்ச்சியும் துயரமும்' என்று எழுதும்போது, அந்த 'உம்' இரண்டுக்கும் சம இடம் கொடுத்துவிடுகிறது.

தமிழில் இதற்கு இடம் உண்டா?

தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அழுகையும் உவகையும் அங்கே தனித்தனி. ஆனால் புறத்துறைகளில் ஒன்றின் பெயரைக் கேளுங்கள்: உவகைக் கலுழ்ச்சி. கலுழ்தல் என்றால் அழுதல். மகிழ்ச்சியும் கண்ணீரும் ஒரே பெயரில் பிணைந்திருக்கின்றன.

புறநானூற்றின் 277-ஆம் பாடல் இத்துறையைச் சேர்ந்தது. பாடியவர் பூங்கணுத்திரையார். நரைத்த கூந்தலுடைய முதிய தாய் ஒருத்தி, தன் மகன் போரில் யானையை வீழ்த்தித் தானும் வீழ்ந்தான் என்று கேட்கிறாள். அவனைப் பெற்ற நாளைவிட மிகுதியாக மகிழ்கிறாள். அவள் கண்ணீரோ பெருகி நிற்கிறது. அந்தக் காலத்துப் போர் அறத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. அந்தத் தாயின் கண்ணீரை 'முரண்பாடு' என்று எந்தப் புலவரும் அடித்துவிடவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். அதற்கென்றே ஒரு துறையை வகுத்து வைத்தார்கள். நான் சிவப்பு மையால் செய்ததை நினைத்து வெட்கப்பட்டது இந்தப் பாடலை மீண்டும் படித்தபோதுதான்.

அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்?

மகிழ்ச்சியும் துயரமும் வெப்பமும் குளிரும் போன்றவை, ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இராது என்று கருதும் உளவியலாளர்கள் உண்டு. இதைச் சோதிக்க ஜெஃப் லார்சன், பீட்டர் மெக்ரா, ஜான் கசியாப்போ என்னும் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முயற்சி செய்தார்கள். துயரமும் சிரிப்பும் கலந்த ஒரு திரைப்படத்தைப் பார்த்தவர்களையும், விடுதியைக் காலி செய்து புறப்படும் மாணவர்களையும், பட்டம் பெறும் நாளில் இருந்த மாணவர்களையும் விசாரித்தார்கள். சாதாரண நாள்களில் இருப்பவர்களைவிட, இத்தகைய வேளைகளில் இருப்பவர்களே 'மகிழ்ச்சி, துயரம் இரண்டும் இப்போது இருக்கின்றன' என்று மிகுதியாகக் கூறினார்கள். இந்த ஆய்வு 2001-ஆம் ஆண்டு வெளியாயிற்று.

இதற்கு முன்னரே, 1980-களில், சூசன் ஹார்ட்டர் என்னும் உளவியலாளர் குழந்தைகளிடம் இதே கேள்வியை ஆராய்ந்திருந்தார். மிகச் சிறிய குழந்தைகள், இரண்டு உணர்ச்சிகள் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்றே சொன்னார்கள். ஒரே பொருளின்மீது எதிரெதிர் உணர்ச்சிகள் இருக்கலாம் என்பது ஏறத்தாழ 11 வயதில்தான் அவர்களுக்கு விளங்கியது. அப்படியானால், இரு மனத்தை உணர்ந்து சொல்வது மனவளர்ச்சியின் அடையாளம். அன்று ஆசிரியைகள் அறையில் நடந்த உரையாடலில், வளர்ந்தவளாகப் பேசியது யார், குழந்தையாகப் பேசியது யார் என்பதை நீங்களே சொல்லலாம்!

எனக்கு இச்சொல் செய்த உதவி

ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். உங்களில் சிலருக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். என் தாயார் பக்கவாதத்தால் மூன்று ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். பள்ளி விட்டதும் ஓடிச் சென்று கஞ்சி கொடுப்பதும், துணி மாற்றுவதும், இரவில் இரண்டு முறை எழுந்து புரட்டிப் படுக்க வைப்பதும் என் வேலை. அவர் இறந்து அடக்கம் முடிந்த அன்று இரவு, நான் விடியும் வரை அயர்ந்து உறங்கினேன். மூன்று ஆண்டுகளில் அதுவே முதல் முழு உறக்கம். கண் விழித்ததும் முதலில் தோன்றியது நிம்மதி. அடுத்த கணம் என்னையே வெறுத்தேன். தாய் போன மறுநாள் நிம்மதி கொள்பவள் மகளா என்று பல ஆண்டுகள் மனத்துக்குள் அழுதிருக்கிறேன். ஒருவரிடமும் சொன்னதில்லை.

அகராதியில் அந்தச் சொல்லைக் கண்ட மாலையில், அதன் பொருளை நான் இரண்டு முறை படித்தேன். என் நிம்மதி என் அன்பைப் பொய்யாக்கவில்லை. மூன்று ஆண்டுக் களைப்பு உண்மை. தாயின்மேல் இருந்த பாசமும் உண்மை. ஒன்றை உண்மையாக்குவதற்கு மற்றொன்றை அடிக்க வேண்டியதில்லை. ஒரு சொல் துன்பத்தை நீக்கிவிடாது. ஆயினும் பெயரில்லாத பாரத்தைவிடப் பெயருள்ள பாரம் தூக்கச் சற்று எளிது.

உங்கள் வீடுகளிலும் இது உண்டு. புதிதாகப் பிறந்த தம்பியைக் கொஞ்சிக்கொண்டே அம்மாவின் மடி பறிபோனதே என்று ஏங்கும் சிறுமி, முதல் மதிப்பெண் பெற்ற உயிர்த்தோழியைக் கட்டிக்கொண்டே உள்ளுக்குள் குத்துப்படும் மாணவி, கண்டிக்கும் தந்தையிடம் கோபமும் அவர் இருமலைக் கேட்டால் பதற்றமும் கொள்ளும் மகள், எல்லாருக்கும் இச்சொல் பொருந்தும். இவர்கள் கெட்டவர்கள் அல்லர்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உணர்ச்சி இரண்டாக இருக்கலாம். செயல் ஒன்றாகத்தான் இருக்க முடியும். 'எனக்கு ஆம்பிவலன்ஸ்' என்று சொல்லிக்கொண்டு வீட்டுப் பாடத்தை எழுதாமல் வருவதற்கு இச்சொல் துணை நிற்காது! தோழியின்மீது பொறாமை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பொறாமை சொல்கிறபடி நடக்க வேண்டியதும் இல்லை. இரண்டு குரல்களையும் கேட்ட பிறகு, எதன்படி நடப்பது என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பயிற்சி

கீழ்க்காணும் நிலைகளுக்கு ஆம்பிவலன்ட், ஆம்பிகுவஸ், இன்டிஃபரன்ட், பிட்டர்ஸ்வீட் என்னும் சொற்களில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுங்கள்.

1. விளையாட்டுப் போட்டியில் எந்த அணி வென்றாலும் மேரிக்குக் கவலையில்லை.

2. விடுதிக்குச் செல்ல அவளுக்கு மிகுந்த ஆவல்; வீட்டை விட்டுப் பிரிய மிகுந்த அச்சம்.

3. 'உன் கட்டுரையை மறக்கவே முடியாது' என்று ஆசிரியை சொன்னது பாராட்டா, கேலியா என்று விளங்கவில்லை.

4. பாட்டி தைத்துக் கொடுத்த, இப்போது சின்னதாகிவிட்ட பாவாடையைப் பார்க்கும்போது எழும் நினைவு.

(விடைகள்: 1. இன்டிஃபரன்ட், 2. ஆம்பிவலன்ட், 3. ஆம்பிகுவஸ், 4. பிட்டர்ஸ்வீட்.)

கட்டுரைப் பயிற்சி: 'பள்ளியில் என் கடைசி நாள்' என்னும் தலைப்பில் ஆங்கிலத்தில் பத்து வாக்கியங்கள் எழுதுங்கள். 'பட்' என்னும் சொல்லை ஒரு முறைகூடப் பயன்படுத்தக் கூடாது.

அந்த நோட்டு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் காலை அவளை அழைத்து நோட்டை வாங்கினேன். நான் எழுதிய 'முரண்பாடு' என்னும் சொல்லை, அதே சிவப்பு மையால் அடித்தேன். குறைத்த இரண்டு மதிப்பெண்களையும் திரும்பப் போட்டேன். ஓரத்தில் 'ஆம்பிவலன்ஸ்' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இதுக்குப் பேரே இருக்கா டீச்சர்!" என்றாள்.

இந்த ஆண்டு பள்ளியை விட்டுப் புறப்படும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியரே, உங்களுக்காக ஒரு செய்தியைக் கடைசிக்கென்று வைத்திருந்தேன். நூல்நிலையச் சிஸ்டர் எனக்குச் சொன்னது அது. நம் சொல்லின் பின்பகுதிக்குத் தாயான அந்த 'வலேரே' என்னும் வினையின் ஏவல் வடிவம் 'வாலே'. பண்டைய ரோமானியர் பிரியும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது அதைத்தான். 'வலிமையோடு இரு' என்பது அதன் பொருள். 'போய் வா' என்பது அதன் பயன். பிரிவு உரைக்கு ஆங்கிலத்தில் 'வேலடிக்ஷன்' என்று பெயர் வந்ததும் அதனால்தான். பலருக்குச் சொல்லும்போது அது 'வலேத்தே' ஆகும்.

கடைசி மணி அடித்ததும் வாயிற்கதவருகே சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் நீங்கள் நிற்பீர்கள். எதை அடிப்பது என்று என்னிடம் கேட்க வேண்டாம். இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். வலேத்தே!